கறள் பிடித்த நட்டும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும்

1990இல் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. கார்கள் நிற்கவில்லை. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் என்று 1950களிலும் 60களிலும் பிரித்தானியாவில் செய்த பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணுவார்கள். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய் போதும். ஆனால் மண்ணெண்ணெய் முழுதாக எரிவதில்லை. உள்ளே கரி படியும், எரியாத மிச்சம் வழிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும். எஞ்சினைப் பிரித்துத் துப்புரவாக்க வேண்டிய நாள் விரைவில் வந்துவிடும்.

பிரிக்கப் போனால் முதலில் வழிமறிப்பது நட்டு. முப்பது வருடம் அசையாமல் கிடந்த நட்டைத் திருகும்போது போல்ட் முறிந்தால் அன்று வேறு வழி குறைவு. உதிரிப்பாகம் வருவதற்குத் தடை. வெல்டிங் வைக்க மின்சாரம் இல்லை. முறிக்காமல் கழற்றத் தெரிந்தவர்தான் காரைக் காப்பாற்றினார். பலாலி வீதியில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் உரும்பிராயில் இன்று ஒருவர் தன் அப்பப்பாவின் மொறிஸ் மைனரைப் பிரிக்க முற்றத்தில் உட்கார்ந்தாலும், அவரும் அதே கேள்வியில்தான் தொடங்க வேண்டும்: இந்த நட்டைப் பிடித்து வைத்திருப்பது எது?

விடை தேடுமுன் ஒரு சிறு சோதனை. ஒரு தாளைச் செங்கோண முக்கோணமாக வெட்டிப் பென்சிலைச் சுற்றி உருட்டுங்கள். தாளின் சரிவான ஓரம் மரையாகச் சுற்றி மேலே ஏறும். போல்ட் என்பது உருளையில் சுற்றிவிட்ட ஒரு சரிவுதான். மொறிஸ் மைனர் 1000 காரில் எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டை இறுக்கும் நட்டுக்கு அங்குலத்துக்கு 24 மரை. முழுதாக ஒரு சுற்றுச் சுற்றினால் நட்டு இறங்குவது ஒரு மில்லிமீற்றரும் சொச்சமும். அதற்குள் 25 சென்ரிமீற்றர் நீள ஸ்பனரின் நுனியைப் பிடித்த கை ஒன்றரை மீற்றருக்கு மேல் பயணம் செய்து முடித்திருக்கும். கை போன தூரம் நட்டு இறங்கிய தூரத்தின் ஏறக்குறைய 1,500 மடங்கு. தூரத்தில் கூடுதலாகக் கொடுத்தால் விசையில் கூடுதலாக வாங்கலாம். கை 22 கிலோ எடையளவு தள்ளினால், கணக்குப்படி மறுபக்கம் 30 தொன்னுக்கு மேல் கிடைக்க வேண்டும்.

கிடைப்பது மூன்று தொன்னுக்குச் சற்றுக் குறைவு. மிச்சத்தை உராய்வு விழுங்கிவிடுகிறது. நட்டின் அடிமுகம் உரசுவதில் ஏறக்குறைய பாதி போகிறது. மரையோடு மரை உரசுவதில் நாற்பது வீதம் போகிறது. போல்ட்டை இழுத்துப் பிடிக்க மிஞ்சுவது பத்து வீதந்தான். இவ்வளவும் வீண் என்று தோன்றலாம். ஆனால் அந்த உராய்வு இல்லாவிட்டால் நட்டு ஒரு கணமும் நில்லாமல் தானாகச் சுழன்று கழன்றுவிடும். இந்த மரையின் சரிவு இரண்டு பாகை அளவுதான். உருக்கின் மேல் வைத்த உருக்கோ, எட்டுப் பாகை அளவுக்குச் சரித்த பிறகும் வழுக்காமல் நிற்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள அந்த வித்தியாசத்தில்தான் உலகத்தின் அத்தனை நட்டுகளும் கழலாமல் இருக்கின்றன.

இறுக்கிய போல்ட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது அடுத்த வியப்பு. அது நீண்டிருக்கிறது. உருக்கு நம் கண்ணுக்கு அசையாத பொருள். ஆனால் மூன்று தொன் இழுப்புக்கு, ஹெட்டை ஊடறுத்து நிற்கும் ஸ்ரட் என்ற தலையில்லாப் போல்ட் ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர் நீள்கிறது. இரண்டு மூன்று தலைமயிரின் தடிப்பு அது. நீண்ட உருக்கு மறுபடி சுருங்கப் பார்த்து ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். இதை முன்இழுவிசை என்பார்கள்: எஞ்சின் ஓடத் தொடங்குமுன்பே போல்ட்டுக்குள் சேமித்து வைத்த இழுப்பு.

மொறிஸ் மைனர் 1000இன் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினில் இப்படி ஒன்பது ஸ்ரட்டுகள். 1958இல் வந்த ஒஸ்ரின் ஏ40க்கும் இதே எஞ்சின்தான். ஒன்பதும் சேர்ந்து ஹெட்டை ஏறக்குறைய 25 தொன் விசையில் அமுக்கிப் பிடிக்கின்றன. சுமை நிறைந்த ஒரு பெரிய லொறியை எஞ்சினின் தலையில் ஏற்றி வைத்த கணக்கு. அவ்வளவு எதற்கு? சிலிண்டரின் விட்டம் 63 மில்லிமீற்றர். உள்ளே எரிபொருள் பற்றும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்ன வட்டத்தில் எழும் அமுக்கம் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட விசையோடு ஹெட்டைத் தூக்கப் பார்க்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 தரம் சுழன்றால், நான்கு சிலிண்டருக்குமாக இது 6,000 தடவை நடக்கும். ஸ்ரட்டுகள் முன்கூட்டியே அதைவிடப் பலமாக இழுத்து நிற்பதால் ஹெட் அசைவதில்லை.

அந்தச் சுமையை எல்லா மரைகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதுமில்லை. நட்டுக்குள் ஆறேழு மரை பிடித்திருந்தாலும், அடிமுகத்துக்குப் பக்கத்திலுள்ள முதல் மரையே சுமையில் மூன்றிலொரு பங்கைத் தாங்குகிறது. கடைசி மரைகளுக்கு வேலை மிகக் குறைவு. நட்டை உயரமாகச் செய்வதால் பெரிய பயன் வராததற்குக் காரணம் இதுதான். கழற்ற முனைபவர் நினைவில் வைக்க வேண்டியதும் இதுதான்: இறுக்கம் முழுவதும் நட்டின் அடியில் குவிந்திருக்கிறது, எண்ணெய் போய்ச் சேர வேண்டிய இடம் அது.

சுத்தமான நட்டைக் கழற்ற, இறுக்கிய அளவு விசை வேண்டியதில்லை. சரிவு இப்போது நம் பக்கம் சேர்ந்துவிடுகிறது. இறுக்கியதைவிடக் கூடக் கேட்கிறதென்றால் இடையில் வேறொன்று புகுந்திருக்கிறது. அதுதான் கறள். இரும்பு நீரோடும் ஒட்சிசனோடும் சேர்ந்து கறளாகும்போது, முன்பு இரும்பாக இருந்து பிடித்த இடத்தைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். மரைக்கும் மரைக்கும் நடுவே இருக்கும் வெளியோ, ஒரு மில்லிமீற்றரை நூறாகப் பிரித்தால் அதில் சில பங்கு. கொஞ்சக் கறளே அதை நிரப்பிவிடும். பிறகும் வளர்கிறது. விரிய இடமில்லாத கறள் இரண்டு பக்கத்தையும் நெரித்து, நட்டையும் போல்ட்டையும் ஒரே துண்டாக்கிவிடுகிறது.

உரும்பிராய்த் தோட்டத்து மண்ணுக்குச் சிவப்பைக் கொடுப்பதும் இரும்பின் ஒட்சைட்டுத்தான். தாதுவில் ஒட்சிசனோடு கட்டுண்டு கிடந்த இரும்பைப் பெரும் வெப்பம் செலவழித்துப் பிரித்தெடுத்துத்தான் உருக்குச் செய்கிறோம். சந்தர்ப்பம் கிடைத்தால் அது தன் பழைய நிலைக்கே திரும்பும். குடாநாட்டில் சந்தர்ப்பத்துக்குக் குறைவில்லை. எந்த ஊரிலிருந்தும் கடலோ கடனீரேரியோ வெகுதூரமில்லை. காற்றோடு வரும் உப்பு உலோகத்தின் மேல் படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதிலுள்ள குளோரைட்டு, உலோகத்தைக் காக்கும் மெல்லிய படலத்தையும் துளைத்துவிடும்.

இரண்டு உலோகங்கள் சந்திக்கும் இடத்தில் இன்னொரு நாடகம். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஹெட்டிலிருந்து வெளியேறும் வாயில் தேர்மோஸ்ரற் மூடி இருக்கும். பல எஞ்சின்களில் அது அலுமினியம். அதைப் பிடித்திருக்கும் ஸ்ரட் உருக்கு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது, கனியுப்புகள் நிறைந்தது. அது இந்த இரண்டு உலோகங்களுக்கும் நடுவே கசிந்தால் மூன்றும் சேர்ந்து ஒரு சின்னஞ்சிறு பற்றரி ஆகிவிடும். மின்னோட்டம் ஓட ஓட அலுமினியம் கரைந்து வெள்ளைத் தூளாக ஸ்ரட்டைச் சுற்றி இறுகும். இதை இணையுலோக அரிப்பு எனலாம்: சேர்ந்திருக்கும் இரண்டு உலோகங்களில் ஒன்று மற்றதற்காகக் கரைந்துபோவது. நட்டு சுலபமாகக் கழன்ற பிறகும் மூடி எழும்ப மறுப்பது இதனால்தான்.

அந்தக் காலத்துப் பொறியியலாளர்கள் இதையெல்லாம் எதிர்பார்த்திருந்தார்கள். புகை வெளியேறும் எக்சோஸ்ற் குழாய்க் கூட்டை எஞ்சினோடு பிணைக்கும் நட்டுகளைப் பாருங்கள். தினமும் பலநூறு பாகைக்குச் சூடாகி ஆறும் இடம். அங்கே பல பிரித்தானிய எஞ்சின்களில் பித்தளை நட்டுப் போட்டார்கள். பித்தளை கறள் கட்டாது. உருக்கைவிட மென்மையானது என்பதால், இழுபறி வந்தால் கெட்டுப்போவது நட்டின் மரைதான். எஞ்சினுக்குள் இறங்கியிருக்கும் ஸ்ரட் தப்பிக்கொள்ளும்.

இனிக் கழற்றுவதற்கு வருவோம். முதல் ஆயுதம் மண்ணெண்ணெய். தண்ணீரின் மேற்பரப்புத் தன்னைத்தானே இறுகப் பிடித்துக்கொள்வதால் அது துளியாக உருண்டு நிற்கும். அந்தப் பிடிப்புக்குப் பரப்பிழுவை என்று பெயர். மண்ணெண்ணெயில் அது தண்ணீரில் உள்ளதன் பாதிக்கும் குறைவு. அதனால் உலோகத்தில் பட்டதும் பரவிவிடும். இடைவெளி எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு பலமாக உள்ளே இழுபட்டும் போகும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது இந்த மயிர்த்துளை விதியால்தான். கீழிருந்து மேலேயும் ஏறும் என்பதால், நட்டு தலைகீழாக இருந்தாலும் மண்ணெண்ணெய் வழி கண்டுபிடித்துவிடும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். கறள் என்பது நுண்ணிய துளைகள் நிறைந்த படை. அதற்குள் ஊறி நடப்பது மெதுவான வேலை. பின்னேரம் விட்டு, இரவில் இன்னொரு தடவை விட்டு, விடிய ஸ்பனரை எடுப்பவருக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். கறளை இளக்கவென்று கடையில் தகரக் குப்பியில் வரும் டபிள்யூடி-40க்கும் ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவின் சான் டியேகோவில் 1953இல், ஏவுகணையின் உலோக உடலில் நீர் தங்கி அரிக்காதிருக்கத் தேடிய கலவை அது. நாற்பதாவது முயற்சியில் அமைந்ததால் பெயரில் 40.

எண்ணெய் தோற்ற இடத்தில் சூடு வெல்லும். நட்டை மட்டும் 200 பாகை கூடச் சூடாக்கினால், 9.5 மில்லிமீற்றர் துளை ஒரு மில்லிமீற்றரின் நூறில் இரண்டு பங்கு அளவு விரியும். பெரிய எண் அல்ல. ஆனால் மரைகளின் இடைவெளியும் அதே அளவுதான். அதோடு கறள் உலோகத்தைப் போல விரிவதில்லை. நொறுங்கும் இயல்புள்ள அது சூட்டிலும் ஆறும்போதும் வெடித்துப் பிளக்கிறது. சூடான நட்டில் ஒரு மெழுகுதிரியைத் தொட்டால், உருகிய மெழுகு அந்தப் பிளவுகளுக்குள் உறிஞ்சப்பட்டுப் போய் மரைக்கு வழுவழுப்புக் கொடுக்கும். ஒன்று கவனம்: மண்ணெண்ணெய் ஊறிய இடத்தில் நெருப்பு வைக்கக் கூடாது. முழுதாகத் துடைத்து, பெற்றோல் குழாய்களை அப்புறப்படுத்திய பிறகே சூடு.

சுத்தியலைப் பலர் பொறுமை இழந்தவரின் கருவி என்று நினைப்பார்கள். போல்ட்டின் தலையில் நேராக விழும் அளவான தட்டு நுட்பமான வைத்தியம். அரைக் கிலோ சுத்தியல் செக்கனுக்கு ஐந்து மீற்றர் வேகத்தில் வந்து ஆயிரத்தில் ஒரு செக்கனுக்குள் நின்றுவிட்டால், அந்தக் கணத்தின் சராசரி விசை ஏறக்குறைய கால் தொன். அதிர்வு செக்கனுக்கு ஐந்து கிலோமீற்றர் வேகத்தில் உருக்குக்குள் ஓடுகிறது. ஒவ்வொரு தட்டிலும் மரைகள் ஒரு கணம் சுமை தளர்ந்து, மறுகணம் திரும்பச் சுமக்கின்றன. அதில் கறள் பொடியாகிறது. 1969இல் ஜெர்மன் பொறியியலாளர் கெர்ஹார்ட் யுங்கர் இதன் மறுபக்கத்தை நிறுவிக் காட்டினார்: பக்கவாட்டாக அதிரும் மூட்டில், நன்றாக இறுக்கிய நட்டும் மெல்ல மெல்லத் தானாகக் கழலும். குன்றும் குழியுமான வீதியில் நட்டைத் தொலைக்கும் அதே அதிர்வைத்தான் முற்றத்தில் நாம் உதவிக்கு அழைக்கிறோம்.

இவ்வளவும் செய்த பிறகு, பொருந்தாத ஸ்பனர் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். 1841 வரை ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு மரை. அந்த ஆண்டு ஜோசப் விற்வேர்த் என்ற ஆங்கிலேயர் பல பட்டறைகளின் திருகாணிகளைச் சேகரித்து ஒப்பிட்டு, 55 பாகைக் கோணத்தில் ஒரே ஒழுங்கான மரையை முன்வைத்தார். 1864இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையை முன்வைத்தார். இரண்டாம் உலகப் போரில் இரண்டு நாடுகளின் நட்டும் போல்ட்டும் ஒன்றோடொன்று சேராமல் பெரும் தொல்லை. 1948இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா மூன்றும் ஒரு பொது மரைக்கு உடன்பட்டன. அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில் பிறந்தவை யாழ்ப்பாணத்தின் பழைய கார்கள். பழைய மரையும் புதிய மரையும் கலந்து வரக்கூடிய தலைமுறை அது. இன்றைய ஸ்பனர் பெட்டியோ மில்லிமீற்றரில் இருக்கிறது. அரை அங்குல நட்டு 12.7 மில்லிமீற்றர். 13 மில்லிமீற்றர் ஸ்பனர் அதில் போய் உட்காரும். வித்தியாசம் 0.3 மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஆட்டத்தில் ஸ்பனர் நட்டின் முகங்களை விட்டு மூலைகளில் மட்டும் தொடுகிறது. முழு விசையும் மூலைகளில் குவிந்தால் அவை மழுங்கி, நட்டு உருண்டையாகிவிடும். பிறகு பிடிக்க ஒன்றுமிராது.

எந்தப் பக்கம் திருகுவது என்பதும் எப்போதும் ஒன்றல்ல. வீட்டில் சைக்கிள் இருந்தால் இடக்கால் பெடலைக் கழற்றிப் பாருங்கள். மரை எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கும். மிதிக்க மிதிக்கக் கழலாமலிருக்கச் செய்த ஏற்பாடு. சில பழைய லொறிகளின் இடப்பக்கச் சில்லுகளுக்கும் அப்படியே.

ஹெட்டில் ஒன்பது நட்டும் கழலத் தயாரானாலும், ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. ஒரு மூலையில் மூன்று தொன் இழுப்பைத் திடீரென்று விட்டால், மிச்ச எட்டும் ஹெட்டைக் கோணலாக இழுக்கும். வார்ப்பிரும்பு வளைந்துவிட்டால் திரும்பச் சமமாவதில்லை. அதனால் வெளி ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒவ்வொன்றாகக் கால் சுற்று, பிறகு இன்னொரு கால் சுற்று. பூட்டும்போது நேர்மாறாக, நடுவிலிருந்து வெளியே.

கையில் வேலையிருப்பவருக்குக் காதும் விரலும்தான் அளவுகோல். ஸ்பனரை மெல்ல அழுத்தும்போது மூன்று விதமான பதில் வரும். ஒன்றுமே அசையாவிட்டால் இன்னும் எண்ணெய், இன்னும் பொறுமை. 'டக்' என்று கூர்மையான ஒரு சத்தம் வந்து நட்டு சற்றே நகர்ந்தால் கறளின் பிடி உடைந்துவிட்டது. மூன்றாவதுதான் ஆபத்து: சத்தமில்லாமல், இறப்பரைத் திருகுவது போலக் கை இளகிப் போவது. நட்டு நகரவில்லை, போல்ட் முறுகிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணமே நிறுத்தி, சற்று இறுக்கும் பக்கம் திருப்ப வேண்டும். பிறகு கழற்றும் பக்கம். எட்டிலொரு சுற்று முன்னே, எட்டிலொரு சுற்றுப் பின்னே, இடையிடையே துளி எண்ணெய். ஒவ்வொரு அசைவிலும் கறள்பொடி அரைபட்டு வெளியே வரும். மரையிலிருந்து செந்நிறச் சேறாக வழியும் எண்ணெய் நல்ல அடையாளம்.

தலையில்லாத ஸ்ரட்டையே வெளியே எடுக்க வேண்டுமானால் ஸ்பனர் எதைப் பிடிப்பது? இரண்டு நட்டை மேலும் கீழுமாகப் போட்டு, ஒன்றையொன்று எதிர்த்து இறுக்குங்கள். இரண்டும் எதிரெதிராக மரையைத் தள்ளுவதால் எந்தப் பக்கமும் நகர முடியாது. இப்போது கீழ் நட்டைத் திருகினால் ஸ்ரட்டே சுழன்று வெளியே வரும். முறிந்து கொஞ்சமே நீட்டிக்கொண்டிருந்தால், அதன் மேல் ஒரு நட்டை வைத்து நடுவில் வெல்டிங் வைப்பார்கள். பிடிக்க ஒரு தலை கிடைக்கும். வெல்டிங்கின் சூடு அதே நேரத்தில் கறளையும் உடைத்துவிடும்.

இந்த அறிவு அத்தனையும் கடைசியில் பயன்படுவது கழற்றும்போதல்ல, திரும்பப் பூட்டும்போது. மரையைத் தூரிகையால் சுத்தமாக்கி, ஸ்பனர் நீளத்தையும் தள்ளும் விசையையும் பெருக்கி வரும் முறுக்குவிசையை அளந்து பூட்ட வேண்டும். இந்த எஞ்சினின் ஹெட் நட்டுக்கு அது 54 நியூட்டன் மீற்றர். நாம் மேலே பார்த்த 25 சென்ரிமீற்றர் ஸ்பனரும் 22 கிலோவும்தான். மரையில் எண்ணெய் பூசினால் உராய்வு குறைந்து, அதே 54இல் போல்ட் கூடுதலாக நீளும். ஆகவே உலர்ந்த மரைக்கா, எண்ணெய் இட்ட மரைக்கா அந்த எண் என்று கையேட்டைப் பார்க்க வேண்டும். எக்சோஸ்ற் நட்டுக்குப் பித்தளையையே திரும்பப் போட வேண்டும். அலுமினிய மூடியைத் தாண்டும் ஸ்ரட்டில் கிறீஸ் தடவித் தண்ணீர் நுழையும் வழியை அடைக்க வேண்டும். இந்தக் கார்களை முதலில் பூட்டியவர்கள் சரியாகப் பூட்டியதால்தான், அறுபது வருடம் கழித்தும் அவற்றைப் பிரிக்க முடிகிறது. இன்று உரும்பிராயில் பூட்டும் கையும் அதே கடமையைச் செய்ய வேண்டும்: இன்னும் இருபது வருடத்தில் ஸ்பனரோடு வரப்போகிறவருக்கு நட்டு கழல வேண்டும்.